கோமளா கடக்கும் இடம்

கரையான்சாவடி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே லாரி மோதி இறந்த கோமளா, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து அதே இடத்தில் சாலையைக் கடக்கத் தொடங்கினாள். அவள் இறங்கினால் வண்டிகள் பிரேக் பிடிக்காமலே நின்றன. யாராவது ஓரத்தில் தயங்கி நின்றால் போதும், பக்கத்தில் வந்து நிற்பாள், கூட இறங்குவாள். முதல் வாரம் பயந்த சனம், இரண்டாம் வாரம் கீரைக்கட்டோடும் பள்ளிக்கூடப் பைகளோடும் அவள் பின்னால் வரிசை கட்டியது. எதற்கும் பழகிவிடுகிற சாலை அது.

அவள் புருசன் ஏகாம்பரத்தின் இஸ்திரி வண்டி இந்தப் பக்கம் நிற்கிறது. முதல் நாள் அவளைக் கண்டதும் ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டான். சந்தோசம் கொஞ்ச நாள்தான். விபத்தன்று தெறித்த செருப்பு கிடைக்கவே இல்லை. அக்னி நட்சத்திரத்திலும் வெறுங்காலோடு தாரில் நடந்தாள். புதுச்செருப்பு வாங்கி வந்தான். "கோமு, ஒரு நிமிசம் நில்லுமே, கால்ல மாட்டிக்கினு போ" என்றான். அவள் நிற்கத்தான் பார்த்தாள். அதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு கிழவர் காலை எடுத்து வைத்துவிட்டார். இப்படியே இரண்டு வருடம். பாதம் வெடித்து, நடந்த தடம் தாரில் சிவப்பாய்த் தெரிந்தது. உயிரோடு இருந்தபோதும் அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை; செத்தும் ஓய்வில்லை. அவளுக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று அவன் மட்டும் அந்தச் சாலையைக் கடக்கவே இல்லை.

சிக்னல் கேட்டு மனு போட்டான். மேற்குப் புறநகர் முழுவதற்கும் விபத்தைக் குறைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த அலுவலகத்திலிருந்து சித்ரா என்ற அதிகாரி வரைபடத்தோடு வந்தார்.

"இங்க ரெண்டு வருசமா சாவே இல்லையே அண்ணா. சாவு அதிகமா விழுற இடத்துக்குத்தான் மொதல்ல சிக்னல்."

"அவ நடந்துகினு கீறதாலதான் மேடம் இல்ல. அவ உக்காந்தா வுழும். வுழட்டும்னு என் வாயால சொல்ல முடியுமா?"

சித்ரா மாலை வரை நின்று பார்த்தார். படிவத்தில் 'தற்போதைய பாதுகாப்பு ஏற்பாடு' என்ற கட்டத்தில், 'கோமளா, வயது நாற்பத்தொன்று, விடுப்பு இல்லை, செருப்பு இல்லை' என்று எழுதினார். இறந்தவள் எப்படி நடக்கிறாள் என்று மேலிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் மாற்று ஆள் போடவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆவணியில் சிக்னல் வந்தது. முதல் சிவப்பு விளக்குக்கு வண்டிகள் நின்றன. சனம் தானே கடந்தது. கோமளா கடைசியாக நடந்து வந்து, முதல்முறையாக இந்த ஓரத்தில் சும்மா நின்றாள். ஏகாம்பரம் குனிந்து செருப்பை மாட்டிவிட்டான். பாதத்தில் தாரின் சூடு இன்னும் இருந்தது. "போம்மா, ஊட்டுக்குப் போயி படு" என்றான். அவள் போனாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான், அங்கே இல்லை.

இப்போது கரன்ட் போய் சிக்னல் அணைந்தால் மட்டும் வருகிறாள், செருப்போடு. கரன்ட் போனதற்குக் கடைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். ஏகாம்பரம் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போவான். எதிர்ப்பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் ஓரத்தில் போய்த் தயங்கி நிற்பான். அவள் பக்கத்தில் வந்து நிற்பாள், கூட இறங்குவாள்.