மீன் கரை

கடைசிப் பதாகையையும் வெளியே தள்ளிவிட்டு அச்சு இயந்திரம் ஓய்ந்தது. தரையில் உட்கார்ந்து ஓரங்களை மடித்து ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பை நிமிர்த்தினார்கள். டிசைனர் மட்டும் கணினி முன்னாலிருந்து எழவில்லை.

"வெறும் மூஞ்சியும் கும்பிடுமா இருந்தா எவன் பாப்பான்? நம்ம பாரம்பரியம் தெரியணும்மா" என்று வேட்பாளரின் மேனேஜர் கேட்டிருந்தார். அவளும் மாமியாரின் பழைய கைத்தறிப் போர்வையைப் படமெடுத்து, அதன் கரையைப் பார்த்துப் பார்த்து வரைந்து, வேட்பாளரைச் சுற்றி ஓடவிட்டாள். வரிசை வரிசையாக மீன்கள். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. இன்று காலை, கடைசிப் பதாகை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. எதிர்க்கட்சிக்குப் புதுச் சின்னம் ஒதுக்கிவிட்டார்களாம். மீன்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "எதிரியோட சின்னத்த அவரு கழுத்துல மாலையாப் போட்டு வச்சிருக்கியே."

"நான் வரையும்போது அது வெறும் மீன்தாண்ணே."

"அத மேனேஜர்கிட்ட சொல்லு. நாளைலருந்து உன்னை வர வேண்டாம்னு சொன்னாத்தான் அவரு அடங்குவாரு. நான் என்ன பண்ண?"

வீட்டில் கணவன் காலில் கட்டோடு படுத்திருந்தான். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. டிசைனர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பவே ஏண்டி மூட்டை கட்டுற? அந்தாளு வரட்டும்" என்றாள் ஓரம் ஒட்டும் அக்கா.

மேனேஜர் வந்தார். விரித்துப் போட்டிருந்த பதாகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு குனிந்து ஒரு மீனை விரலால் தடவினார்.

"யாரு வரைஞ்சது?"

கேள்வி முடியுமுன்னே முதலாளியின் கை அவள் பக்கம் நீண்டுவிட்டது.

"உனக்கு எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?" மேனேஜர் சிரித்தார். "அண்ணன் காலையில அந்தக் கட்சியில சேர்ந்துட்டாரு. இனிமே நமக்கும் மீன்தான். மூலையில இருக்கிற பழைய சின்னத்த மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுடுங்க, போதும்."

"நாந்தான் சார் மீன் போடச் சொன்னேன்" என்றார் முதலாளி.

அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அக்கா அவள் தொடையில் கிள்ளிவிட்டு வாயைப் பொத்திச் சிரிக்க, அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. இரண்டு பேருமாக மாலை வரை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

வேலை முடிந்து நெசவாளர் வரிசை வழியாக வீட்டுக்கு நடந்தாள். உடம்பு இறகாய் இருந்தது. அதற்குள் பதாகைகளைக் கட்டிவிட்டிருந்தார்கள், வரிசை வீடுகளின் முகப்பை முழுக்க மூடி. 'நம் பாரம்பரியம், நம் பெருமை' என்ற எழுத்துகளுக்கு மேல் வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தறிச் சத்தம் நின்றது. யாரோ ஜன்னல் வழியாக ஒரு குச்சியை நீட்டி, அவருடைய கன்னத்தைத் தெருப் பக்கமாகத் தள்ளி முட்டுக்கொடுத்தார்கள். அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போயிற்று. தறி மறுபடி ஓடத் தொடங்கியது.