ஐந்திலிருந்து இரண்டுக்கு

பழைய கார் விற்கும் அந்த யார்டு காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஒன்பதே காலுக்குப் பொய் தொடங்கிவிடும். பெரிய பொய் ஒன்றும் இல்லை. வாங்குகிறவர் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் தன் நோயை வாய்விட்டுச் சொல்லும். சூடேறினால் பல நோய்கள் அடங்கிப் போகும். இதை ஏமாற்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை. "ரெடி பண்றது" என்பார்கள்.

அன்று ஒரு சிவப்பு டர்போ காரை ரெடி பண்ணிக்கொண்டிருந்தவர் யார்டின் தலைமை மெக்கானிக். இரண்டே கதவு, தாழ்ந்த உடம்பு, கையால் கியர் போடும் பந்தயச் சாயல் வண்டி. மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றே கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறக்காமலே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "காது சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரி" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பார். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவருக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

எஞ்சினை முடுக்கிய முதல் அரை நிமிடத்தில் 'டிக் டிக்' என்று மெல்லிய தட்டல் ஒன்று கேட்டது. அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மூன்று நாளுக்கு முன்னால் பெட்ரோல் போட இந்த வண்டியை எடுத்துப் போனார். போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஐம்பது வயதானால் மட்டும் ஆசை விட்டுவிடுமா? பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, ஆளில்லாத அகலச் சாலையில் மிதித்துப் பார்த்தார். டர்போ முதுகைப் பிடித்துத் தள்ளியதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. ஐந்தாம் கியரிலிருந்து நாலுக்கு இறக்கப் போனார். பதற்றத்தில் கை இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து, கியர் இரண்டில் விழுந்தது. வண்டி வீறிட்டது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியது. வெறுமனே ஆக்சிலேட்டரை மிதித்து முறுக்கினால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டி எஞ்சினைக் காப்பாற்றிவிடும். இப்படிச் சக்கரமே எஞ்சினைப் பிடித்துச் சுழற்றினால் அது என்ன செய்யும் பாவம்? நடந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளும்.

திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார். "எப்படிப் போகுது?" என்றார் முதலாளி. "வெண்ணெய் மாதிரிங்க" என்றார் காது. அதற்குப் பிறகு திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். "ஏங்க, ஏன் தட்டுல கோலம் போடுறீங்க? சாப்பிடுங்க" என்று மனைவி மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லை என்று அவளிடமும் ஒரு பொய்.

பத்து மணிக்கு டிரைவிங் ஸ்கூல் டீச்சர் வந்தார். இருபத்திரண்டு வருடமாக இரட்டை பிரேக் வைத்த சின்னக் காரில், முப்பதைத் தாண்டாமல், ஊரார் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சாவதற்குள் ஒரு வேகமான வண்டி வாங்கியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தவர். அவர் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, சீட்டைத் தடவவில்லை. நேராக வந்து பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"நிழல்ல நிக்குது. ஏன் சுடுது?"

"இப்பத்தான் இடம் மாத்தி நிறுத்தினோம் மேடம்" என்றார் முதலாளி, கண் இமைக்காமல்.

டீச்சர் சிரித்துக்கொண்டார். "இருக்கட்டும். யாராவது இதைக் கண்டபடி முறுக்கியிருந்தா உள்ளே பதிவாகியிருக்குமாமே. அதைக் காட்டுங்க. நடு ரோட்டுல எஞ்சின் கையை விரிச்சா நான்தானே தெருவுல நிக்கணும்."

காது முந்திக்கொண்டார். "இந்த மாடலை நம்ம மெஷின் படிக்காதுங்க" என்று முனகினார்.

"என்னப்பா உளர்றே!" என்றார் முதலாளி. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே! "போன மாசம்தானே புது ஸ்கேனர் வாங்கினோம்? போடு, மேடம் பாக்கட்டும். நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது." வாழ்நாளில் ஒரு தடவை நேர்மை பேசிய அந்த மனுஷருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

காது ஒயரைச் செருகினார். எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றது எத்தனை தடவை என்று, லேசானது மேலேயும் மோசமானது கீழேயுமாகத் திரையில் வரிகள் வந்தன. மேல் வரிகளில் இருக்கும் எண்களால் ஆபத்தில்லை. கடைசி வரி காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை. 'ஒன்று' என்று இருந்தது, பக்கத்தில் 811 என்று இன்னொரு எண்.

"கடைசி வரியில விழுந்திருக்கே! சரி, இந்த 811 என்ன?" என்றார் டீச்சர்.

எஞ்சின் மொத்தம் ஓடியதில் எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பதுதான் 811. இந்த வண்டி யார்டுக்குள் வந்த நாளில் எஞ்சின் ஓடியிருந்தது 810 மணி நேரம். வரவுச் சீட்டில் அதை எழுதியதே காதுதான்.

"அது... கம்பெனிக்காரன் போடுற நம்பருங்க. நமக்கு வேண்டாதது."

முதலாளிக்கு முகம் கறுத்தது, உடனே வெளுத்தது. விற்பனை கை நழுவுகிறதே! "மேடம், இந்த வண்டி ஒரு பல் டாக்டரோடது. வித்துக் கொடுக்கச் சொல்லி விட்டிருக்கார். அவர் தங்கமானவர். அவர் வீட்டு டிரைவர் வேலையாத்தான் இருக்கும். உங்க முன்னாடியே கேக்கிறேன், விலையைக் குறைக்க வெக்கிறேன், பாருங்க" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

பல் டாக்டர் கேட்டுவிட்டு டிரைவரைக் கூப்பிடுவது அங்கே எல்லோர் காதிலும் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது போனுக்குள் வந்து நின்றது.

"ஐயா, கழுவி நிறுத்துறதைத் தவிர அந்த வண்டியை நான் தொட்டதே இல்லீங்க. என் புள்ளைங்க மேல சத்தியம்யா."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்று டாக்டர் அவனை அதட்டினார். "முதலாளி, அங்க காதுன்னு ஒருத்தர் இருப்பாரே, அவர் பார்த்தாரா?"

"பக்கத்துலயே நிக்கிறார் சார்" என்றார் முதலாளி.

"நீங்களே சொல்லுங்க காது. நிஜமா?"

முன்னால் முதலாளி, பக்கத்தில் டீச்சர், கையில் ஸ்கேனர். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார் மனுஷர். உண்மையைச் சொன்னால் வேலை போகும், பேரும் போகும். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"பதிவாகியிருக்குங்க" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனாலேயே அது அவர் சொன்னதில் மகா பொய்.

"போதும்" என்று டாக்டர் டிரைவர் பக்கம் திரும்பினார். "டேய், வீட்டுக் கார் சாவியை மேசையில வை. பின்னாடி ரூமையும் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு."

"ஐயா, திடீர்னு சொன்னா குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

மேசையில் சாவி விழும் சத்தம் கேட்டது. இதற்கு மேல் தாங்காது என்று காது, முதலாளி கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"டாக்டர், வெச்சிடாதீங்க! அந்த ஆளு மேல தப்பு இல்லை. நான்தான். மூணு நாளைக்கு முன்னாடி பெட்ரோல் போடப் போனப்ப ஆசைப்பட்டு விரட்டினேன். அஞ்சுலேருந்து நாலு போடப் போய் ரெண்டு விழுந்துடுச்சு. 811ங்கிறது எஞ்சின் ஓடின மணி. வண்டி 810ல எங்ககிட்ட வந்தது. வரவுச் சீட்டு என் கையெழுத்துலயே இருக்கு."

"பைத்தியமாடா உனக்கு!" முதலாளி பாய்ந்தார். "இருபத்தாறு வருஷமா உன்னை நம்பினேனேடா. நாளைக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே!"

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இந்த வண்டி அவருக்கு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அண்ணே, தப்பான கியர் போடாத ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. போட்டது தெரிஞ்சதும் கிளட்சை மிதிங்கன்னுதான் கத்துவேன். நீங்க மூணு நாளா மிதிக்காமயே வந்திருக்கீங்க."

போனில் பல் டாக்டர் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். சாவியை எடுத்துக்கோ என்றது மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து டிரைவரின் குரல் வந்தது.

"அண்ணே, சொன்னதுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா நான் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணினப்ப, நீங்க அங்கதானே நின்னுக்கிட்டிருந்தீங்க?"

காதுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி. வண்டியைக் கெடுத்த அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா என் வேலை மட்டும்தான் போயிருக்கும். மூடிக்கிட்டு நின்னதுல உன் குடும்பத்தைத் தெருவுக்குத் தள்ளப் பார்த்தேன். தன் தப்பை மறைக்கிறவன் அதைத் தூக்கி எங்கேயோ வெக்கிறதில்லப்பா, இன்னொருத்தன் தலையிலதான் வெக்கிறான். எனக்கு இது புரிய உன் சத்தியம் வேண்டியிருந்துச்சு."