அடுப்படியில் அடிக்கல்

வீட்டுத் திட்டத்தைத் தொடங்கி வைக்கப் பிரதம அதிதி முதல் தடவை வந்தபோது வீடு தரவில்லை. வீட்டைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார். "கற்பனைதான் மனித மனத்தின் மாபெரும் படைப்புச் சக்தி. முதலில் மனதில் கட்டுங்கள். கை தானாகக் கட்டும்" என்று பெரகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வெகுநேரம் முழங்கி, ஓர் அடிக்கல்லையும் நட்டுவிட்டுப் பதுளைக்குத் திரும்பிவிட்டார்.

விஜயலெட்சுமி அதை அப்படியே நம்பினாள். லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு இருப்பது ஓர் அறை, ஒற்றைக் காம்பரா. அதில் அடுப்பும் கட்டிலும் முட்டிக்கொண்டு கிடக்க, மகள் புகையில் இருமியே வளர்ந்தாள். தனியாக ஓர் அடுப்படி, அதில் ரோட்டைப் பார்த்த ஜன்னல். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்த காணியில் தரையோடு ஒரே வரிசையாகக் கூழாங்கல் அடுக்கிச் சுவர் வைத்தாள். வாசலுக்கு இடைவெளி விட்டாள். மூன்று கல் வைத்து அடுப்பும் கூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே தேத்தண்ணி வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கட்ட, சரிவில் ஒரு தெருவே உண்டாயிற்று. தெரு உண்டானால் சண்டையும் வரும். பக்கத்துக் காணி இராக்கம்மா, இவள் ஜன்னலுக்கு நேரே கக்கூசுக்குக் கல் வைத்தாள்.

"சமைக்கிற எடத்துக்கு நாத்தம் வருதுக்கா."

"அப்படின்னா ஜன்னல சாத்திக்கடி!"

தோட்டத் தலைவர் புவனேந்திரன் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரித்து, கக்கூசைப் பின்னால் தள்ளி வைக்கத் தீர்ப்புச் சொன்னார்.

போன மழையில் மண்சரிவு அடிக்கல்லை அடித்துக்கொண்டு போனது. வீடுகளுக்கு ஒரு சேதமும் இல்லை.

புதுக் கல்லோடு பிரதம அதிதி மறுபடி வந்தார். நல்ல நேரம் பார்த்தாயிற்று, ஈசான மூலையில் நட வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். ஈசான மூலையில் விஜயலெட்சுமியின் அடுப்பு இருந்தது. மேசன் குழி தோண்ட அலவாங்கை ஓங்கினான்.

"ஐயோ, அடுப்புல குத்தாத!" என்று அவள் குறுக்கே பாய்ந்தாள். "சேர், நீங்க சொன்ன மாதிரியே கட்டிட்டோம். இதான் அடுப்படி."

பிரதம அதிதியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா! இதுதான் கற்பனா சக்தி!" என்று போன் பிடித்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, ஓர் அடி எடுத்து வைத்தார்.

"சேர், அது செவுரு. வாசல் அந்தப் பக்கம். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

எல்லாப் போனும் அவரையே பார்த்தன. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரைச் சுற்றி வந்தார்.

"குனிஞ்சு வாங்க. நெலை தட்டும்."

குனிந்தார். படம் பிடிக்கிறவனும் குனிந்தான்.

"சரி, கல்லை எங்கே நடலாம்?"

"வீட்டுக்குள்ள எங்க சேர் எடம் இருக்கு? பக்கத்து வீட்டுக் கக்கூசுல நடச் சொல்லுங்க."

"என் கக்கூச ஒருக்கா நகத்துனது போதாதாடி?" என்று இராக்கம்மா அங்கிருந்து கத்தினாள்.

பிரதம அதிதி யோசித்தார். சுவர் இல்லையென்றால் தன் பேச்சு பொய். இருக்கிறதென்றால் கல்லுக்கு வேலையில்லை. மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"இங்கே மக்கள் குடியேறியே விட்டார்கள். நமது பணி இனிதே நிறைவுற்றது."

எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் விஜயலெட்சுமியும் தட்டினாள். கல்லை மீண்டும் வாகனத்தில் ஏற்றி அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பிரதம அதிதி போகும்போதும் குனிந்துதான் போனார்.

"அடிப்பாவி, இருந்த கல்லும் போச்சேடி! இனி எந்தக் காலத்துல வீடு வர்றது?" என்று தலைவர் தலையில் கை வைத்தார்.

விஜயலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. ரோட்டைப் பார்த்தாள். பண்டாரவளை பஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. யாரும் நகரவில்லை.

"விஜயா!" பக்கத்துக் காணியில் தொப்பலாக நனைந்தபடி இராக்கம்மா கத்தினாள். "ஒங்க கூரத் தண்ணி எங்க வாசல்ல விழுதுடி!"

விஜயலெட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கூரத் தண்ணி வழிஞ்சோட பீலி அடிக்கணும் தலைவரே. நீங்கதான் வந்து அளந்து சொல்லணும்."

தலைவர் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நனையாமல் இருக்க ஓர் அடி உள்ளே தள்ளி நின்றார்.