வெட்டி எடுக்கப்பட்ட அறிவிப்பு

வியாழக்கிழமை இரண்டாவது பாடவேளை என்றால் முஷிவேரோ பள்ளியின் ஏழாம் வகுப்பில் ஒருவரும் கரும்பலகையைப் பார்க்க மாட்டார்கள். நான் உட்பட நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கண்ணும் கதவின் மேலேயே இருக்கும். எங்கள் ஆசிரியர் ஜோத்தாம் லிஹண்டா கக்கத்தில் செய்தித்தாள்களைச் செருகிக்கொண்டு உள்ளே வருவார். விளையாட்டுப் பக்கம் இந்த வாரம் எந்தப் பெஞ்சுக்கு என்று உடனே சண்டை தொடங்கும்.

எல்லாம் நேற்றைய, முந்தாநாளைய தாள்கள். பெட்ரோல் பங்க் மேலாளர் படித்து முடித்துவிட்டுக் கொடுப்பவை. கென்யாவின் மேற்குக் கோடியில், மழைக்காட்டை ஒட்டிய எங்கள் சிற்றூரில் தொண்ணூற்றாறில் காசு கொடுத்துச் செய்தித்தாள் வாங்கியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பள்ளியிலோ நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பாடப்புத்தகம்தான். அதனால் ஜோத்தாம் தாளைத் தனித்தனிப் பக்கமாகப் பிரித்து, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். தலைப்பில் வினைச்சொல் எது என்று தேடுவது மொழிப்பாடம். எந்த அமைச்சர் எங்கே என்ன வாக்குக் கொடுத்தார் என்று சுவர் முழுக்கச் சோளமாவுப் பசையால் ஒட்டி வைத்து, மூன்று மாதம் கழித்து அது நடந்ததா என்று பார்ப்பது குடிமையியல். இன்றைக்கும் எங்காவது சோளக்கஞ்சி கொதித்தால், அந்த வகுப்பறையின் அச்சு மை வாசமும் சேர்ந்தே எனக்கு மூக்கில் ஏறுகிறது.

வரலாற்றுக்குப் பழைய தாள்கள் இருந்தன. ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர் விடுதலை கிடைத்த வருடத்திலிருந்து சேர்த்து வைத்த ஓர் இரும்புப் பெட்டியைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். அதைத் திறக்கும் நாளில் பிள்ளைகள் கை கழுவிவிட்டு வர வேண்டும். அப்படி ஒருநாள் மினாயோ என்ற பெண் அறுபத்தைந்தாம் வருடத் தாளில் நாலே வரிச் செய்தி ஒன்றைக் கண்டுபிடித்தாள். எங்கள் ஊரில் ஏழு குடும்பங்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பள்ளிக்கு விளையாட்டுத் திடலாகக் கொடுத்ததாகவும், ஊரே கூடி மண்வெட்டியால் அதைச் சமன் செய்ததாகவும் போட்டிருந்தது. ஏழு குடும்பங்களின் பெயரும் அதில் இருந்தது. தங்கள் ஊர்ப் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்ற பெருமையில் பிள்ளைகள் அன்றைக்கு முழுக்க அதையே சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மினாயோ பேச்சில் கெட்டி இல்லை. ஆனால் கையில் கிடைத்த தாளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பாள். மரண அறிவிப்பு, ஏல அறிவிப்பு, தொலைந்த சான்றிதழ் ஒன்றையும் விட மாட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை தலைமையாசிரியர் ஹெஸ்பன் அமுகோயா, ஜோத்தாமைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே கவுன்சிலர் லுகலிகி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் முந்தின நாள் செய்தித்தாள் விரித்துக் கிடந்தது. பள்ளித் திடலில் கடைகளும் வீடுகளும் கட்டிக்கொள்ள ஒருவர் நகரசபையில் விண்ணப்பித்திருக்கிறார் என்றும், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம் என்றும் ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு அறிவிப்பு. திடலின் பெயரைப் போடாமல் மனை எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். விண்ணப்பித்தவர் கவுன்சிலரின் மைத்துனர்.

"ஊர்ல இத எவன் படிக்கப்போறான் லிஹண்டா? உன் கிளாஸ் ஒண்ணுதான் இந்தப் பக்கத்தையெல்லாம் நோண்டும்" என்றார் தலைமையாசிரியர். "முப்பது நாள் கண்டுக்காம இரு. திடலோட கிழக்கு மூலை உனக்கு. கவுன்சிலர் வாக்குக் குடுத்திருக்காரு."

கவுன்சிலர் எழுந்து ஜோத்தாமின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஜோத்தாம் கெட்டவர் இல்லை. பதினோரு வருட வேலைக்குப் பிறகும் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். மழை பெய்தால் அவர் மனைவி ஃபீபி இரண்டு குழந்தைகளையும் சுவரோரமாக நகர்த்திப் படுக்க வைப்பாள். கிழக்கு மூலையில் ஓர் அவகாடோ மரம் இருந்தது. அதன் நிழலில் சொந்த வீட்டு வாசற்படி எப்படி இருக்கும் என்று அன்று சாயங்காலமே அவர் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வகுப்புக்குப் போகுமுன் பிளேடை எடுத்து அந்த அறிவிப்பை மட்டும் வெட்டினார். தூக்கிப் போட மனம் வரவில்லை. மடித்துத் தன் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் மினாயோவின் பெஞ்சுக்குத்தான் போனது. அவள் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டி, இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள். பின்பக்கத்துக் கார் விளம்பரம் தனக்கு வேண்டியிருந்தது என்றார் ஜோத்தாம். சைக்கிள்கூட இல்லாத ஆசிரியருக்குக் கார் விளம்பரமா என்று வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். மினாயோ மட்டும் சிரிக்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கார் பாதி அங்கேயேதான் இருந்தது.

இரண்டரை வாரம் போயிற்று. பள்ளி வாசலில் தொரிக்கா அக்கா மண்டாசி என்னும் மாவுப் பணியாரம் பொரித்து விற்பாள். எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்து, எடைக்கு வாங்கிய பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பாள். ஒரு திங்கட்கிழமை மினாயோ மண்டாசியைத் தின்றுவிட்டு, வழக்கம்போலச் சுற்றிய தாளைப் படிக்கத் தொடங்கினாள். அதே தேதி. அதே பக்கம். பாதிக் கார் அங்கே முழுக் காராக இருந்தது.

அந்த வியாழக்கிழமை, தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்கும் நேரத்தில் அவள் கை தூக்கினாள். ஆசிரியரை எங்கள் பக்கம் முவாலிமு என்றுதான் அழைப்போம்.

"முவாலிமு, ஆட்சேபணைன்னா என்ன?"

ஜோத்தாம் இயல்பாகவே சொன்னார். "எனக்கு இதுல சம்மதம் இல்லன்னு எழுதிக் குடுக்கறது."

"யார் வேணா குடுக்கலாமா?"

"யார் வேணா."

"எங்கள மாதிரிப் பிள்ளைங்களும்?"

அப்போதுதான் அவள் கையில் இருந்த எண்ணெய்த் தாளை அவர் பார்த்தார். மினாயோ அறிவிப்பை வாசித்தாள். கடினமான சொற்களில் திக்கித் திக்கி, மனை எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். அந்த எண் எங்கள் திடலா என்று கேட்டாள். பள்ளி வாசல் பலகையிலும் அதே எண்தான் எழுதியிருந்தது. அவள் கேட்டதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பதில் தெரியாத பிள்ளை ஆசிரியரைக் கேட்பதுபோல்தான் கேட்டாள். அதுதான் அவரைச் சுட்டது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே திடலில் மூன்றாம் வகுப்புப் பெண்கள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு பாடக்குறிப்பு நோட்டைத் திறந்து, வெட்டிய துண்டை எடுத்து மினாயோவின் பெஞ்சில் வைத்தார்.

"இத வெட்டுனது நான்தான்" என்றார். "உங்க திடல்ல ஒரு மூலை எனக்குத் தர்றேன்னாங்க. அதுக்காக மறைச்சேன். கார்னு சொன்னது பொய்."

அவர் கரும்பலகையில் அன்றைய தேதியையும் கடைசித் தேதியையும் எழுதினார். இன்னும் எட்டு நாள் இருந்தது.

அன்று மதியம் வீட்டில் ஃபீபியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பில் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. வீடு வேண்டாம் என்று அவளால் பொய் சொல்ல முடியவில்லை, அழுதாள். சாப்பாடு போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தினம் அத்தனை பிள்ளைங்க நம்ம வாசலத் தாண்டித்தான போகும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கதவத் திறப்பேன்?"

அந்த எட்டு நாளும் ஏழாம் வகுப்புக்கு வேறு பாடமே நடக்கவில்லை. பிள்ளைகள் ஆட்சேபணைக் கடிதம் எழுதினார்கள். கிறுக்கல், அடித்தல், எழுத்துப்பிழை எல்லாவற்றோடும் நாற்பத்திரண்டு கடிதங்கள். சாயங்காலங்களில் இருவர் இருவராக வீடு வீடாகப் போய் அறிவிப்பை உரக்க வாசித்து, பெரியவர்களிடமும் கடிதம் வாங்கினார்கள். அறுபத்தைந்தாம் வருடத் தாளில் இருந்த ஏழு குடும்பங்களையும் தேடிப் பிடித்தார்கள். ஆறு குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் ஊரிலேயே இருந்தார்கள். தங்கள் தகப்பன் கொடுத்த நிலம் கைவிட்டுப் போகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தலைமையாசிரியர் ஜோத்தாமைக் கூப்பிட்டு, இனி பதவி உயர்வை மறந்துவிடு என்றார். ஜோத்தாம் சரி என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினார்.

தொரிக்காவிடம் வாசித்துக் காட்டியது மினாயோ. தொரிக்காவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த தாள்கட்டைப் பார்த்தாள். சந்தையின் பின்பக்க நிலம் போன வருடம் வேலிக்குள் போனது. ஆற்றங்கரையில் பெண்கள் துணி துவைத்த இடம் அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. அவையும் இப்படித்தான் அச்சில் வந்திருக்குமா என்று கேட்டாள். வந்திருக்கும் என்றாள் மினாயோ.

"அப்ப இத்தன வருஷமா ஊர்ச் சொத்தையெல்லாம் நானே மண்டாசிய வச்சுச் சுத்திக் குடுத்திருக்கேன்" என்றாள் தொரிக்கா. மினாயோ கொண்டுவந்திருந்த மை டப்பாவை அவளே இழுத்து, ஆட்சேபணைக் கடிதத்தில் பெருவிரலை அழுத்தினாள்.

கடைசி நாளில் நகரசபை வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்துச் செயலர் முதலில் ஏதோ கலவரம் என்று நினைத்தார். எல்லோர் கையிலும் காகிதம் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒன்பது வருடத்தில் ஒரே ஓர் ஆட்சேபணைக் கடிதம்கூட வாங்கியதில்லை என்று அவரே பிறகு சொன்னார். முன்னூற்றுச் சொச்சம் கடிதங்களுக்கும் முத்திரை போட அவருக்கு மாலையாகிவிட்டது. விசாரணை நாளில் பழைய செய்தித்தாளும், ஆறு குடும்பங்களின் கையெழுத்தும் முன்னால் வைக்கப்பட்டன. கவுன்சிலர் வரவில்லை. தலைமையாசிரியர் பள்ளியின் சார்பில் கொடுத்திருந்த சம்மதக் கடிதத்தை, தலையை நிமிர்த்தாமலே திரும்பப் பெற்றுக்கொண்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது.

ஆனால் ஜோத்தாமுக்கு அந்த வருடம் முடியுமுன்பே மாறுதல் உத்தரவு வந்தது. வடக்கே, லாரி மட்டுமே போகும் வறண்ட பகுதியில் ஒரு பள்ளி. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தான் செய்ததற்கும் ஒரு விலை உண்டு என்று ஃபீபியிடம் சொன்னாராம்.

கடைசி வகுப்பு அன்று ஜன்னலுக்கு வெளியே பெற்றோர்களும் நின்றார்கள். தொரிக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே ஏற்பாடு செய்திருந்தார்கள்; அவள் தன் பெயரின் முதல் மூன்று எழுத்துவரை வந்திருந்தாள். நாங்கள் ஏதாவது பிரிவுரை எதிர்பார்த்தோம். ஜோத்தாம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தேன்னு எல்லாரும் என்னப் பாராட்டுறாங்க. எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும். அப்பவும் திருட்டுக்குத் துணை போனேன். அதனால படிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது பிள்ளைங்களா. ஊருக்குத் தெரிய வேண்டியத நீங்க படிச்சீங்கன்னா, படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். அத ஒருத்தன் மறைச்சா ஏன்னு கேக்கணும். மறைக்கிறவன் உங்க வாத்தியாராவே இருந்தாலும் கேக்கணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்பெஞ்சிலிருந்து தொரிக்கா எழுந்து நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து ஏழாம் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது.