கணினியை அணைக்க வேண்டாம்

“கையை எடுங்ணா! பாதியில நிறுத்துனா மொத்தமும் போயிருமுங்க!”

“வந்ததுல இருந்து வட்டமாச் சுத்திக்கிட்டே கெடக்குது. எம்புள்ளைய அழிக்கறயாடா?”

வெண்ணந்தூர் கடைவீதியில் ஸ்டுடியோ நடத்தும் கௌதமனின் கழுத்து காளியண்ணனின் இடது கைக்குள் சிக்கியிருந்தது. வலது கையில், போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து எடுத்து வந்த பைப் ரெஞ்சு. ஊர் ஊராகப் போய்த் துளை போட்டுக் காய்த்துப்போன கைகள்.

மகள் பிரீத்தி வயசுக்கு வந்து சீர் செய்த அன்று அவர் சத்தீஸ்கரில் இருந்தார். அப்பா வராத குறைக்கு அவள் கேமராவைப் பார்த்து அவருக்கென்று ஏதோ பேசியிருந்தாள். சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டார். போன மாதம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்த வீடியோ வேண்டும். படங்களையும் வீடியோக்களையும் அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேரோ, ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. கௌதமன் அப்டேட் போட்டான். நீலத் திரை வந்தது, அத்தோடு சரி.

“கடசியாக் கேக்கறன். தள்ளு, இத அணைக்கோணும்.”

“என்னைய அடிங்க. இதத் தொட்டீங்கன்னா புள்ள கெடைக்காதுங்க.”

கௌதமன் திமிறிக் கவிழ்ந்து கணினிப் பெட்டியைக் கட்டிக்கொண்டான். ரெஞ்சு தோளில் இறங்கியது. எலும்பு விட்டுப்போன சத்தம் அவனுக்கே கேட்டது. அடுத்த வீச்சில் கண்ணாடி மேசை நொறுங்கி, ஃபிரேமுக்குள் சிரித்துக்கொண்டிருந்த கல்யாண மாப்பிள்ளைகள் தரையில் சிதறினார்கள். காளியண்ணன் அவன் விலாவில் மிதித்தார். மறுபடி மிதித்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கடலில் மூழ்குகிறவன் மரக்கட்டையைப் பற்றுவதுபோல அவன் பெட்டியைப் பற்றிக் கிடந்தான். அது உடம்புக்கடியில் கதகதப்பாக உறுமிக்கொண்டிருந்தது.

திரை வெளுத்தது.

சாஃப்ட்வேர் திறந்து, சின்னச் சின்னப் படங்களை வரிசையாகக் கொட்டியது. எத்தனையோ சீர் வீடுகள், எல்லாப் பெண்களும் பட்டும் பூவுமாக. நடுவில் பிரீத்தி. காளியண்ணனின் கை தானாகத் தாழ்ந்தது.

“அமுத்து.”

கௌதமன் நல்ல கையால் அழுத்தினான். கோப்பு கிடைக்கவில்லை என்றது திரை; அதன் கீழே இருந்த ஹார்டு டிஸ்கின் பெயரைப் படித்ததும்தான் அவனுக்கு நினைவு வந்தது.

“வீடியோ உங்க ஹார்டு டிஸ்குல இருக்குதுங்ணா. இது அடையாளத்துக்கு நிக்கற படம் மட்டுந்தான். டிஸ்க நீங்கதான வாங்கிட்டுப் போனீங்க?”

காளியண்ணனின் உதடு கோணியது. “அத அழிச்சுப்போட்டு, ரிக்குல பசங்க பாக்கறதுக்கு சினிமா ஏத்துனன். டிஸ்க வாங்க வந்தன்னிக்கே இங்க அவ மூஞ்சி தெரிஞ்சுதே, கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்னு…”

“கொண்டாங்க, மீட்டுப் பாக்கலாம்.”

“மழைத்தண்ணி பூந்து செத்துப்போச்சு. வீசிட்டன்.”

ரெஞ்சைப் போட்டுவிட்டு, இரும்பு ஷட்டரில் நெற்றியை மோதினார். கடை அதிர்ந்தது. மோதினார், மோதினார். கௌதமன் ஒற்றைக் கையால் சட்டையைப் பிடித்து இழுத்தபோது புருவம் கிழிந்து முகமெல்லாம் சிவப்பு. காளியண்ணன் அப்படியே திரைக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணுக்குள் வழிந்ததைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகமளவு இருந்த அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

“வாயத் தொறந்திருக்கறா பாரு. எனக்குத்தான் சொல்றா. அன்னிக்கு நீதான கேமரா புடிச்ச? கிட்டத்துல நின்னு கேட்டிருப்பயே. என்ன சொன்னான்னு மட்டும் சொல்லிரு சாமி.”