ரத்தான தாள்கள்

கம்ப்யூட்டர்களை மாற்றுகிறவர்கள் மேலிடத்தில் இருக்கிறார்கள். திட்டு வாங்குவதற்கு மட்டும் நான். ஆஸ்பத்திரியின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றியிருந்தார்கள். எங்கோ உட்கார்ந்தபடி, ஒரு விடுமுறை நாளில். திரையில் வெளிச்சம் வந்தது, பின்னணியில் மலையும் ஏரியும் தெரிந்தன, வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். இவற்றிலிருந்து காகிதம் வெளியே வருமா என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு நாய் பட்ட பாடு. எந்த அறையிலும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மருந்துக் கிடங்கு, கணக்குப் பிரிவு, எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு பிணவறை அலுவலகத்துக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. செத்தவர்களுக்கு என்ன அவசரம் என்று அதைக் கடைசியில் வைத்திருந்தேன். அவர்களுக்கு அவசரம் இல்லைதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது.

அறுபதை நெருங்கும் மனிதர். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு ஜோடி ஷூ. என் கையில் இருந்த கருவிப் பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"தம்பி, பிரிண்டர் பாக்க வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க."

"நல்லா இருப்பீங்க. காலையிலேர்ந்து அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். பையனைக் கூட்டிட்டுப் போகணும்."

கூட்டிட்டு என்றுதான் சொன்னார். அவர் பக்கத்தில் நின்ற மச்சினர் என்னைத் தனியே இழுத்து மீதியைச் சொன்னார். பையனுக்கு இருபத்திரண்டு வயது. லாரி மோதியிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் அடிபட்டது மட்டும்தான் தெரியும். "சாயங்காலம் ஆபீசைப் பூட்டிட்டா அப்புறம் ரெண்டு நாள் லீவாம். அதுவரைக்கும் எங்க அக்காகிட்ட நாங்க என்னன்னு சொல்லிட்டிருக்கிறது? வண்டிக்காரன் வேற இருட்டினா வரமாட்டேங்கிறான்."

வேண்டியது ஒரே ஒரு காகிதம். உடலை ஒப்படைக்கும் உத்தரவு. அச்சாகி, முத்திரை விழுந்தால்தான் பிணவறைக் கதவு திறக்கும்.

உள்ளே இரண்டு பேர். ஜன்னல் ஓரம் விவரங்களைத் தட்டுகிற பெண்மணி, எல்லாருக்கும் அவர் அக்கா. உள்ளறையில் தலைமை எழுத்தர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. இந்த அலுவலகத்தில் தட்டுவது ஒரு இடத்தில், அச்சாவது வேறு இடத்தில். பிரிண்டர் முத்திரையின் கம்ப்யூட்டரோடு இணைந்து அவர் முழங்கைப் பக்கத்தில் இருக்கும். அக்காவின் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக அதைக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும். காரணம், அந்தத் தாள் சாதாரணத் தாள் இல்லை. ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. ஒன்று குறைந்தாலும் முத்திரைதான் பதில் சொல்ல வேண்டும்.

"பிரிண்டரைத் தூக்கி அக்கா மேஜையில வச்சிட்டா வேலை சுலபமா முடியும் சார்" என்றேன்.

"அது இந்த இடத்தை விட்டு நகராது. வேற வழி பாரு."

முத்திரையின் கம்ப்யூட்டரிலேயே தட்டலாம் என்றால் அந்தப் பதிவேடு அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். பென் டிரைவில் எடுத்துவரலாம் என்றால் அந்த வழியை மேலிடம் எப்போதோ அடைத்துவிட்டது. ஆக, பழைய இணைப்பையே உயிர்ப்பிக்க வேண்டும். முதலில் முத்திரையின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். புது இயங்குதளம் எங்கள் நெட்வொர்க்கை ஏதோ முன்பின் தெரியாத இடம் என்று நினைத்து, பகிர்வதையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தது. அதைச் சரிசெய்தேன். அக்காவின் பக்கம் போனால் "அனுமதி இல்லை" என்றது. முன்பெல்லாம் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்ட கம்ப்யூட்டர் இப்போது கேட்டது. அந்த ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் மேலிடத்திடம். போன் செய்தேன். புகார் எண் கேட்டார்கள். புகார் எண் வாங்க இன்னொருவருக்குப் போன் செய்தேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை உடைத்திருப்பேன், சொந்தப் போனாகிவிட்டது.

நான் அங்கேயும் இங்கேயும் நடக்கும்போதெல்லாம் அந்த மனிதர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா உடனே திரையைப் பார்த்துத் தட்டுவார். "இதோ பாக்குறேங்க, உக்காருங்க" என்பார். அவர் போய் உட்காருவார்.

சாயங்கால வெயில் வராண்டாவில் நீளமாக விழத் தொடங்கியபோதுதான் மேலிடத்திலிருந்து ஒருவர் கொட்டாவிக்கு நடுவில் வேண்டியதைச் செய்து கொடுத்தார். அக்காவின் கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். பிரிண்டரின் பெயருக்குப் பக்கத்தில் "தயார்" என்று வந்தது. அதே நொடி உள்ளறையில் உருளைகள் சுழலும் சத்தம் கேட்டது.

"வந்திருச்சு!" என்று நானே கத்திவிட்டேன். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். வெளியே பெஞ்சிலிருந்து அந்த மனிதர் எழுந்துவிட்டார். நான் உள்ளே ஓடினேன். முத்திரை தாளை எடுத்து எண்ணைப் பார்த்தார். பையனின் பெயர், வயது, இறந்த நேரம், பெற்றுக்கொள்பவர் தகப்பனார். எல்லாம் சரி.

சத்தம் நிற்கவில்லை. இரண்டாவது தாள் வந்தது. அதே பெயர், அதே நேரம். பிறகு மூன்றாவது.

"அக்கா, பிரிண்ட் பட்டனை எத்தனை தடவை அழுத்தினீங்க?"

என் பின்னாலேயே வந்து நின்ற அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "அவர் எழுந்து வந்து நிக்கும்போதெல்லாம் ஒரு தடவை அழுத்தினேன் தம்பி. வேற என்ன செய்ய? நானும் ஏதோ செய்யுறேன்னு அவருக்குத் தெரியணும்ல. எதுவும் போகலைன்னுதான் நினைச்சேன்."

எதுவும் வீணாகவில்லை. பிரிண்டர் கிடைக்காத நேரத்தில் அழுத்தியதெல்லாம் வரிசையில் காத்துக்கிடந்தது. வரிசையைக் காலி செய்துவிட்டு இணைப்பைக் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. பிரிண்டரை அணைக்கப் பாய்ந்தேன். முத்திரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதியில நிறுத்தினா தாள் கிழியும். கிழிஞ்ச தாளுக்கு யார் கணக்குச் சொல்றது? வரட்டும்."

வந்தது. அந்த மனிதர் காலையிலிருந்து எத்தனை தடவை பெஞ்சை விட்டு எழுந்தாரோ அத்தனை தடவை அவர் மகன் செத்துப்போனான். அவர் அதற்குள் உள்ளறை வாசலுக்கே வந்துவிட்டார். ஒரு கட்டு சேர்ந்து, ஒருவழியாகச் சத்தம் அடங்கியது.

முத்திரை முதல் தாளைத் தனியே வைத்தார். மற்றவற்றின் குறுக்கே சிவப்புப் பேனாவால் கோடு போட ஆரம்பித்தார்.

"பெரியவரே, இந்தத் தாளெல்லாம் ரத்து. ஒவ்வொண்ணுலயும் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுடணும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், மனசாட்சி இருக்கா உங்களுக்கு? முதல்ல அவர் பையனைக் கொண்டுபோகட்டும். இதுல எல்லாம் நான் கையெழுத்துப் போடுறேன்."

"உன் பேரா இதுல இருக்கு? பேரு இருக்கிறவங்கதான் போடணும். போடாம நல்ல தாளுக்கு முத்திரை குத்த முடியாது." பிறகு குரலை இறக்கினார். "முன்னாடி ஒரே ஒரு தாள் கணக்குல வரலைன்னு என்னை மாசக்கணக்குல வீட்டுல உக்கார வச்சாங்க தம்பி. யாரோ அதை வச்சு யாரோட உடம்பையோ கொண்டுபோயிட்டாங்க. பெத்தவங்க வந்து என் சட்டையைப் பிடிச்சாங்க. அந்த அம்மா அழுதது இன்னும் காதுல இருக்கு."

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ இருந்த பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். பேனாவை வாங்கினார். ரத்தான தாள்களில் முதலாவதை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். கையெழுத்துப் போட்டார். இரண்டாவதை எடுத்தார். அதையும் மேலிருந்து படித்தார், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து.

மச்சினர் வெளியிலிருந்து ஓடிவந்தார். "மச்சான், வண்டிக்காரன் கிளம்புறேங்கிறான். பிணவறை ஆள் சாவியை எடுத்துட்டான். சீக்கிரம் போடுங்க மச்சான்."

அவர் தலை நிமிரவில்லை. அடுத்த தாளையும் அதே மாதிரி விரல் வைத்துப் படித்தார்.

"படிக்கவே வேணாம் பெரியவரே" என்றார் முத்திரை. "எல்லாம் ஒண்ணுதான். அச்சு அசல் ஒண்ணுதான்."

"தெரியுதுங்க." அவர் விரல் மகனின் பெயரில் நின்றது. "ஒண்ணுலயாவது அவன் பேரு இல்லாம இருக்கான்னு பாக்குறேன்."

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். முத்திரை சிவப்புப் பேனாவை மேஜையில் வைத்தார். முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி, தனியே வைத்த தாளில் ஓங்கிக் குத்தினார். தாளை மச்சினர் கையில் கொடுத்துவிட்டு வராண்டாவில் நடந்தார், பிறகு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "பூட்டாத! ஆள் வருது, பூட்டாதேடா!" என்று அவர் கத்துவது பிணவறைப் பக்கத்திலிருந்து கேட்டது.

"எழுந்திருங்க மச்சான், கிடைச்சிருச்சு" என்றார் மச்சினர். "மீதியை அப்புறம் போட்டுக்கலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் சில தாள்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் விரல் வைத்துப் படித்தார். கடைசித் தாளை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு அதிலும் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"இதுலயும் இருக்கு தம்பி" என்றார்.