ஆறு மீட்டர் ஆழத்தில் எதிரொலி

போர்ட்டிக்சன் கடலில் நான்கு நாளாக மாதவியின் கருவி உளறிக்கொண்டிருந்தது. நீருக்கடியில் ஒலி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி அது. அவள் படகிலிருந்து 'வணக்கம்' என்று அனுப்பினால், முந்நூறு மீட்டர் தள்ளி உதவியாளன் ஷங்கர் இருந்த படகில் குப்பை எழுத்துகள்தான் வந்து விழுந்தன. இன்று ஐந்தாம் நாள். மதியத்துக்குள் ஒரு செய்தியாவது முழுதாகப் போய்ச் சேராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாகச் செண்டாயானிலுள்ள தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று வருட உழைப்பு.

அவள் படகிலேயே இருந்த மேலாளர் யோகேந்திரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. "சவுண்ட இன்னும் ஏத்துலா, மாதவி."

ஏற்றினாள். குப்பைதான் கூடியது. ஆழம் ஆறே மீட்டர். ஒலி மேலே அலையில் முட்டி, கீழே சேற்றில் முட்டி, ஒன்றுக்குப் பத்தாகப் போய்ச் சேர்ந்தது. ஓர் எழுத்தின் எதிரொலி அடங்குமுன் அடுத்த எழுத்து அதன் தலையில் ஏறி உட்கார்ந்தது.

இந்தக் கூத்து அவளுக்குப் புதிதா என்ன? லாபு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் மைக் அவள் கையில்தான். கோயில் கூரையில் ஒரு ஒலிபெருக்கி, செம்பனைக் காட்டோரம் இன்னொன்று. வேகமாகப் பேசினால் இரண்டும் மோதிக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டினால் சண்டை பெரிதாகும். "அன்னதானம்" என்று சொல்லி, அடங்கும்வரை பொறுத்து, "ஆரம்பம்" என்பாள்.

மடத்தனம்! அப்படிப்பட்டவளா நான்கு நாளாக ஏற்றிக்கொண்டே இருந்தாள்? ஒலியைப் பாதியாகக் குறைத்தாள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டாள்.

"என்னாலா செய்ற? கொறைக்கிறியா?" யோகேந்திரன் அலறினார்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

அனுப்பினாள். கைப்பேசியில் ஷங்கர் கத்தினான். "அக்கா, வணக்கம்! முழுசா வந்திருச்சி!"

யோகேந்திரனுக்கு முகமெல்லாம் பல். "போதும்லா. கரைக்குப் போயி ரிப்போர்ட் எழுதிடலாம்."

மாதவிக்குப் போதவில்லை. "ஷங்கர், எண்ணூறு மீட்டருக்குப் போ."

"வேணாம் மாதவி. தோத்துட்டா?"

"தோத்தா எம்பேர்லயே எழுதுங்க சார்."

ஷங்கரின் படகு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது. இந்த முறை நூறு செய்திகள் அனுப்பினாள். அவன் எண்ணி முடிக்கும்வரை இருவரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா... நூத்துக்கு நூறு!"

மாதவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலாளர் பக்கத்தில் இருப்பதையும் மறந்து விசிலடித்தாள். அவரோ எழுந்து போய், நங்கூரக் கயிற்றைத் தானே இழுக்கத் தொடங்கினார்.

"கரைக்கா சார்?"

"கரைக்கு என்னா அவசரம்? அவன அங்கயே நிக்கச் சொல்லு. நாம இன்னும் பின்னால தள்ளிப் போவோம். ஒரு கிலோமீட்டர் பாத்துடுவோம்லா!"